தோட்டத்துப் பறவைகள்: நிறத்தை நம்பலாமா?

(தோட்டத்து மாதர் சங்கத்தினரும் இளைஞர் கழகத்தினரும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசிய மாதிரியே பெரும்பாலும் தந்திருக்கிறோம்.)



போன கூட்டத்தில் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா எழும்பி, "குஞ்சு தூக்குற வல்லூறுக்கு என்ன மருந்து வைக்கலாம்?" என்று கேட்டாங்க. நேரம் போய்விட்டதால் அன்றைக்குப் பதில் சொல்லக் கிடைக்கவில்லை. இன்றைக்கு அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறோம். குருவியைப் பற்றிப் பேச ஒரு முழுக் கூட்டமா, வேற வேலை இல்லையா என்று யாராவது நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க. கோழிக்கும் இதில் சம்பந்தம் இருக்கு, லயத்து இஸ்தோப்புக்கும் சம்பந்தம் இருக்கு, நம்ம பிள்ளைகளின் பிழைப்புக்கும் சம்பந்தம் இருக்கு.

முதலில் மருந்து விஷயத்தை முடித்துவிடுவோம். பூச்சி மருந்தை இறைச்சித் துண்டில் தடவி வெளியே வைக்கிறதாக அங்கங்கே கேள்விப்படுகிறோம். வல்லூறு உயிரோடு ஓடுற இரையைத்தான் தேடும். வாசலில் கிடக்கிற அந்தத் துண்டைத் தின்னப் போறது நம்ம நாய், பூனை, காக்கை. கையில் எடுத்துப் பார்க்கப் போறது இஸ்தோப்பில் தவழுற பிள்ளை. அதனால் மருந்து என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்தது, நீங்க கல்லெறிஞ்சு விரட்டுறது வல்லூறுதானா என்ற கேள்வி. இதைத்தான் இன்றைக்கு விரிவாகப் பேசப் போகிறோம்.

தைப்பொங்கல் முடிந்து சித்திரை வரைக்கும் மலைப் பக்கத்தில் ஒரு குரல் கேட்கும். ஒரே கூப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏறும். தொண்டை கிழியுற உச்சிக்குப் போய்ச் சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்கும். நிலாக் காலத்து இராத்திரியிலும் விடாது. தூக்கம் கெட்ட வெள்ளைக்காரத் துரைமார் இதற்கு 'மூளைக்காய்ச்சல் குருவி' என்று அவங்க பாஷையில் பேர் வைத்தாங்க. தமிழில் அக்காக் குயில் என்பாங்க. சத்தத்தைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆளைக் கண்டவர்கள் குறைவு. கண்டவர்களும் 'வல்லூறு' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாங்க. ஏனென்றால் இந்தக் குயிலுக்கு வல்லூறின் சட்டை. முதுகு சாம்பல், வெள்ளை நெஞ்சில் செம்மண் நிறம், வாலில் குறுக்குப் பட்டி, மஞ்சள் கால். உருவமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பறக்கிறதும் அதே மாதிரி, நாலு தடவை சிறகடித்து ஒரு வழுக்கு. மரத்தில் வந்து குந்தினால் சின்னக் குருவிகள் எல்லாம் கூச்சல் போட்டு ஓடும். இது அடுத்தவன் கூட்டில், முக்கியமாகத் தவிட்டுக்குருவி இனத்துப் பறவைகளின் கூட்டில், முட்டையிடுற பறவை. கூட்டுக்காரியைப் பயமுறுத்தி விலக்கத்தான் இந்த வேஷம் உதவுகிறது என்று குயில்களை ஆராய்ந்தவர்கள் கருதுகிறாங்க.

வேஷத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூக்கைப் பாருங்க. வல்லூறின் மூக்கு அடியிலிருந்தே வளைஞ்ச கொக்கி, இறைச்சி கிழிக்கிற மூக்கு. குயிலின் மூக்கு மெல்லிசு, நுனியில்தான் லேசான வளைவு. பிறகு காலைப் பாருங்க. வல்லூறின் கால் நீளமானது, நகம் ஊசி மாதிரி. குயிலின் கால் குட்டை, பிடிப்பில்லாதது, விரல் முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ரெண்டு. அந்தக் காலால் ஒரு கோழிக்குஞ்சைத் தூக்கவே முடியாது. குந்துற விதமும் வேற. வல்லூறு கங்காணியார் மாதிரி நிமிர்ந்து நிற்கும். குயில் உடம்பைச் சாய்த்து, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கும். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருக்கும். இதில் நிறத்தைப் பற்றி நாங்க சொன்னது அந்த வளையம் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்க. இளசாக இருக்கும்போது ரெண்டுக்குமே மேல்பக்கம் தவிட்டு நிறம், நெஞ்சில் கோடும் புள்ளியும். அப்போ நிறத்தை நம்பினால் ஒன்றும் விளங்காது.

அக்காக் குயில் தின்கிறது புழு பூச்சியும் பழமும். மற்றப் பறவைகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிற மயிர்க்கொட்டிப் புழுவையும் குயில் இனம் விழுங்கிவிடும். கொழுந்து எடுக்கும்போது கையில் மயிர்க்கொட்டி பட்ட தாய்மாருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஒரு தோட்டத்தில் நடந்தது இது. பேர் வேண்டாம். குஞ்சு ஒவ்வொன்றாகக் காணாமல் போக, லயத்துக்குப் பக்கத்து மரத்தில் குந்தியிருந்த 'வல்லூறை' ஒரு தம்பி கெட்டப்போலால் அடித்து விழுத்தினார். எல்லோருக்கும் சந்தோசம். அடுத்த கிழமையும் ரெண்டு குஞ்சு போச்சு. கடைசியில் பார்த்தால் கானுக்குள் இருந்து வந்த கீரி. விழுந்து கிடந்த பறவையின் வயிற்றைக் கீறிப் பார்த்தவர்கள் அதற்குள்ளே கண்டது முழுக்கப் புழு. வல்லூறு குஞ்சு தூக்குறதே இல்லை என்று நாங்க சொல்ல வரவில்லை. தூக்கும். ஆனால் அதன் அன்றாடச் சாப்பாடு ஓணான், எலி, பெரிய பூச்சி, சின்னக் குருவி. குஞ்சு புறாவளவு ஆகும்வரை கூடையின் கீழே அடைத்து வைத்தால் வல்லூறுக்கும் கீரிக்கும் சேர்த்து ஒரே மருந்து. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு சில இனங்களைத் தவிர நாட்டின் பறவைகள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை என்பதையும் தம்பிமார் தெரிஞ்சு வைச்சுக்கொள்வது நல்லது.

பெரிய கழுகுகளிலும் இதே குழப்பம் உண்டு. மேலே வட்டமிட்டுக்கொண்டு உரக்கக் கத்துகிற கழுகு பெரும்பாலும் பாம்புக் கழுகு. பாம்பு, ஓணான் பிடிக்கிறது. தேயிலைக்குள் கையை விடுகிறவர்களுக்கு வேண்டிய ஆள். கோழி தூக்குறது கொண்டைக் கழுகு. அது சத்தமில்லாமல் மரத்துக்குள் காத்திருக்கும். குந்தியிருக்கும்போது காலைப் பாருங்க. பாம்புக் கழுகுக்கு இறகில்லாத மஞ்சள் கால், கொண்டைக் கழுகுக்கு விரல் வரைக்கும் இறகு, கால்சட்டை போட்ட மாதிரி. பறக்கும்போது பாம்புக் கழுகின் சிறகடியில் ஒரு அகலமான வெள்ளைப் பட்டி தெரியும்.

இப்போ ஒரு அடிப்படை விஷயம். இறகு என்பது நம்ம நகம், தலைமயிர் மாதிரி. வளர்ந்து முடிந்த பிறகு அதில் உயிர் இல்லை. அதனால் ஒரு பறவை நினைத்த நேரத்தில் நிறம் மாற முடியாது. பழைய இறகு விழுந்து புது இறகு முளைச்சால்தான் புதுச் சட்டை. கவ்வாத்து வெட்டின மலையைப் பாருங்க. பழைய இலை பச்சையாக மாறுறதில்லை, புதுத் தளிர்தான் வருகுது. அதே கதைதான். வளருகிற இறகுக்கு நல்ல சாப்பாடு வேண்டும். அதனால் கூடு கட்டுறது, தூரப் பயணம் போறது, இறகு மாற்றுறது, இந்த மூன்றையும் பெரும்பாலான பறவைகள் ஒரே நேரத்தில் வைச்சுக்கொள்ளாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் உண்டு. அதனால் பறவையின் சட்டையைப் பார்க்கும்போது கலண்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லோரும் கண்ட உதாரணம் கொக்கு. மாட்டுக்குப் பின்னால் நடக்கிற உண்ணிக்கொக்கு சாதாரண நாளில் வெள்ளை வெளேர். கூடு கட்டுற காலம் வந்தால் தலை, கழுத்து, முதுகில் செம்மஞ்சள் பூசிக்கொள்ளும். வயலோரத்தில் மண்ணோடு மண்ணாக நின்று, காலடியிலிருந்து திடீரென்று வெள்ளையாகப் பறந்து போகிற குருட்டுக்கொக்கும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அதன் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும், தலையிலிருந்து வெள்ளை நாடா தொங்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடி மண் நிறம். சின்ன வெள்ளைக்கொக்கு மட்டும் எந்தக் காலத்திலும் செம்மஞ்சள் ஆகாது. அதற்குக் கறுப்பு மூக்கு, கறுப்புக் கால், மஞ்சள் விரல்.

இனி நம்ம லயத்துக்கு வருவோம். இஸ்தோப்புக் கூரைக்கடியில், கொழுந்து மடுவத்தில், பெக்டரிச் சுவரில், பிள்ளைக்காம்பராவில்கூட, மண் உருண்டை உருண்டையாக ஒட்டி அரைக் கிண்ணம் மாதிரி கூடு கட்டுற குருவியைத் தெரியாதவர் இல்லை. புத்தகத்தில் மலைத் தகைவிலான் என்று பேர். நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம், முதுகு நீலங்கலந்த கறுப்பு, வயிறு புகை படிஞ்ச சாம்பல். ஐப்பசி பிறந்ததும் பெரட்டுக்களத்துக் கரண்டு கம்பியில் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டிக் குந்துதே, அதுவும் தகைவிலான்தான். ஆனால் வேற இனம். அது நமக்கு வடக்கே ஆசியாவின் குளிர் நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பூச்சி இல்லாமல் போகிற காலத்தில் இங்கே வருகிற விருந்தாளி. செப்டெம்பர், ஒக்டோபரில் வந்து ஏப்ரலில் போய்விடும்.

இந்த ரெண்டையும் ஒன்று என்று நினைக்கிறதால் ஒரு அநியாயம் நடக்குது. எச்சம் விழுகுது என்று வருசத்துக்கு ஒரு தடவை கூட்டை விளக்குமாற்றால் தட்டிவிடுறோம். கேட்டால், "இது வெளிநாட்டுக் குருவிதானே, சீசன் முடிஞ்சால் அதன் ஊருக்குப் போய்க் கட்டிக்கும்" என்று பதில். வெளிநாட்டுக் குருவி இலங்கையில் கூடே கட்டுறதில்லை. கூரைக்கடியில் இருக்கிறது இங்கேயே பிறந்து இங்கேயே சாகிற மலைத் தகைவிலானின் கூடு. அதற்குப் போக வேற ஊர் கிடையாது. தென்னிந்தியாவின் மலைகளும் இலங்கையின் மலைகளும்தான் அதன் முழு உலகம். எச்சம்தான் தொல்லை என்றால், கூட்டுக்கு ஒரு முழம் கீழே ஒரு பலகைத் துண்டை ஆணி அடித்து வையுங்க. குஞ்சு பறந்த பிறகு பலகையைக் கழுவலாம். ஈயும் கொசுவும் சிறு வண்டும் பறக்கப் பறக்கப் பிடித்துத் தின்கிற ஆள் வாசலிலேயே குடியிருக்கிறதில் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

சரி, ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறது? "நீள வால் கம்பி இருந்தால் விருந்தாளி, இல்லாவிட்டால் நம்ம ஊர்" என்று பலரும் சொல்லுவாங்க. பாதி சரி. மார்ச் மாதத்தில் பார்த்தால் சரி. கார்த்திகையில் பார்த்தால் ஏமாந்து போவீங்க. ஏனென்றால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்த விருந்தாளி வந்து சேரும்போது இறகெல்லாம் தேய்ந்து, நிறம் மங்கி, வால் கம்பி ஒடிஞ்சோ விழுந்தோ இருக்கும். அந்த வருசத்துக் குஞ்சுக்கு ஆரம்பத்திலேயே நீள வால் கிடையாது, தொண்டையும் வெளிறிப்போயிருக்கும். தகைவிலான் புதுச் சட்டை மாற்றுறது குளிர்காலம் கழிக்க வந்த நாட்டில்தான். பறந்துகொண்டே சாப்பாடு தேடுற பறவை ஒரேயடியாக இறகைக் கொட்டினால் பட்டினிதான். அதனால் ஒன்று விழுந்து ஒன்று முளைச்சு, மாதக்கணக்கில் நிதானமாக நடக்கும். வால் கம்பி கடைசியில்தான் முழு நீளத்துக்கு வரும். நம்ம ஆட்கள் சித்திரை வருசத்துக்குப் புதுத்துணி எடுக்கிற நேரத்தில் அதுவும் புதுச் சட்டையோடு ஊருக்குப் புறப்படும்.

ஆகவே வாலை விட்டுவிட்டு நெஞ்சைப் பாருங்க. விருந்தாளிக்குச் செந்தொண்டைக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டி, கழுத்தில் கட்டின துணி மாதிரி. சிலதில் அந்தப் பட்டி நடுவில் அறுந்திருக்கும், ஆனால் இருக்கும். அதன் கீழே வயிறு வெள்ளை. நம்ம மலைத் தகைவிலானுக்குப் பட்டியே இல்லை. செங்கல் நிறம் நேரே சாம்பலில் முடியும். வாலின் அடிப்பக்கத்தில் மீன் செதிள் மாதிரி இருண்ட கோலம் இருக்கும். உருவமும் சின்னது. கூட்டமாக நூறு இருநூறு சேராது, சோடி சோடியாகத் திரியும். மாதமும் ஒரு சாட்சி. வைகாசி முதல் ஆடி வரைக்கும் லயத்துக் கம்பியில் நிற்கிற குருவி அநேகமாக நம்ம ஊர்க்காரன்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கு. நெஞ்சு, வயிறு, வாலுக்கு மேலே எல்லாம் ஒரே செங்காவி. இது இலங்கைத் தகைவிலான். உலகத்தில் வேற எந்த நாட்டிலும் இல்லாத பறவை. மதகுக்கடியில் கழுத்துள்ள கூசா மாதிரி மண்கூடு கண்டால் அது இவருடைய வீடு. கம்பியில் குந்தவே குந்தாமல் நாள் முழுக்க வானத்திலேயே சுற்றுகிற கறுப்புக் குருவியோ தகைவிலானே அல்ல, உழவாரன். அதன் காலால் கம்பியில் நிற்க முடியாது, சுவரில் தொங்கத்தான் முடியும்.

பீலியடிக்கு வருகிற வாலாட்டியைப் பற்றி ரெண்டு வார்த்தை. முதுகு சாம்பல், அடிப்பக்கம் மஞ்சள், ஓயாமல் மேலும் கீழும் ஆடுகிற நீள வால். ஓடைக் கல்லிலும் ரோட்டோரத்திலும் தனி ஆளாக நடக்கும். இதுவும் குளிர்கால விருந்தாளிதான். வந்து இருக்கிற மாதங்களில் தொண்டை வெள்ளை. ஊருக்குப் புறப்படுற மார்ச், ஏப்ரல் அளவில் சில ஆண் குருவிகளுக்குத் தொண்டையில் கறுப்பு இறகு முளைக்கத் தொடங்கும். அது கல்யாணச் சட்டை. புதுசா ஒரு பறவை வந்திருக்கு என்று நினைக்க வேண்டாம். நேற்று வரைக்கும் உங்க வாளிக்குப் பக்கத்தில் நின்ற அதே ஆள்தான். மரத்தடிச் சருகுக்குள் இன்னொரு வாலாட்டி நடக்கும், நெஞ்சில் ரெண்டு கறுப்புப் பட்டியோடு. காட்டு வாலாட்டி என்பாங்க. நிறத்தை மறந்தாலும் வாலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இது மேலும் கீழும் ஆட்டாது, இடமும் வலமுமாக ஆட்டும்.

தேன்சிட்டு விஷயத்தில் பெண்களுக்கு எங்களைவிடக் கூடத் தெரியும், ஏனென்றால் அது வருகிறது நீங்க வைத்த செவ்வரத்தைக்கும் வாழைப்பூவுக்கும். வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாக மின்னுகிற கறுப்புத் தேன்சிட்டு ரெண்டு வகை. ஒன்றின் மூக்கு நீளமாக, அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கும். 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தருடைய தேசாதிபதியாக இருந்த லோட்டன் என்பவர் பேரால் அதை லோட்டன் தேன்சிட்டு என்கிறாங்க. மற்றது ஊதாத் தேன்சிட்டு. மூக்கு குட்டை. வறண்ட கீழ்நாட்டில்தான் அதிகம், ஊவாப் பக்கமும் உண்டு. ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மூக்குதான் அடையாளம். ஆனால் ஊதாத் தேன்சிட்டு ஆண், குஞ்சு வளர்த்து முடிஞ்ச பிறகு தன் மினுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பெண் குருவி மாதிரி மஞ்சளாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சம், சட்டைக்குப் பொத்தான் வரிசை வைத்த மாதிரி. அதை மூன்றாவது ஒரு இனம் என்று எண்ணிவிடலாகாது. லோட்டன் தேன்சிட்டு ஆண் அப்படிச் சட்டை கழற்றாது, வருசம் முழுக்க மின்னிக்கொண்டேதான் திரியும்.

வால் நீண்ட அரசவால் ஈப்பிடிப்பானைப் பற்றிச் சிங்களக் கிராமத்துச் சிநேகிதர்கள் ஒரு வேடிக்கையான பேர் சொல்லுவாங்க. வெள்ளையாக இருக்கிறதற்கு 'சுது ரெதி ஹொரா', அதாவது வெள்ளைத் துணி திருடன். செங்காவியாக இருக்கிறதற்கு 'கினி ஹொரா', நெருப்புத் திருடன். ரெண்டுக்கும் தலை கறுப்பு, கொண்டை உண்டு. உடம்பு ஒரு சாண் என்றால் ஆணின் வால் ஒரு முழத்தை நெருங்கும். இனத்தால் ரெண்டும் ஒரே பறவை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. இலங்கையிலேயே இருக்கிற ஆண், எத்தனை வயசானாலும் செங்காவிதான். வெள்ளையாகிறது இந்தியாவிலிருந்து ஒக்டோபர் அளவில் வந்து போகிற ஆண் மட்டும். அதுவும் இளமையில் செங்காவியாக இருந்து, வயசு ஏறித்தான் வெள்ளையாகும். இதில் பருவத்துக்கு வேலை இல்லை, வயசுக்கும் பிறந்த ஊருக்கும்தான் வேலை. ஆகவே வெள்ளை வாலைக் கண்டால், 'இது கடல் கடந்து வந்த ஆள், சின்னப் பையனும் அல்ல' என்று தைரியமாகச் சொல்லலாம். செங்காவியைக் கண்டால் அப்படிச் சொல்ல முடியாது. உள்ளூர் ஆளாகவும் இருக்கலாம், வந்த இளசாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்.

இவ்வளவு நேரம் பேசினதில் எங்களுக்குப் பெரிதாகப் படுவது இனிச் சொல்லப் போகிற சின்னக் குருவிதான். சிட்டுக்குருவியைவிடச் சின்னது. பேர் காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீர்ப் பக்கத்து இமயமலைக் காடுகளில் மட்டும் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலம் கழிக்க அது தேடி வருகிற முக்கிய இடங்கள் உலகத்தில் ரெண்டே ரெண்டு. ஒன்று தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடர், மற்றது நம்ம மலைநாடு. ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் பறந்து ஒக்டோபரில் வரும், மார்ச் முடிவில் திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் காட்டோரத்திலும், தோட்டங்களிலும், தேயிலைக்கு மேலே நிற்கிற நிழல் மரத்திலும்தான் வாசம். எண்ணிக்கையில் குறைஞ்ச பறவை. அதனால்தான் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு விடியக்காலையில் வெளிநாட்டுக்காரர் கமெராவோடு வந்து காத்து நிற்கிறாங்க. அவங்க காசு கட்டித் தேடுகிற பறவை, நீங்க கொழுந்து எடுக்கிற மலையில் உங்க தலைக்கு மேலே வாலை விசுக் விசுக்கென்று தூக்கிக்கொண்டு திரியலாம்.

ஆண் குருவிக்குத் தொண்டையிலிருந்து நெஞ்சு வழியாக ஆழ்ந்த செம்மஞ்சள், அதற்கு ரெண்டு பக்கமும் கறுப்புக் கரை. முதுகு சாம்பல் கலந்த மண் நிறம். வாலடியில் ரெண்டு பக்கமும் வெள்ளை. செம்மஞ்சள் நெஞ்சு என்றவுடனே அவசரப்பட வேண்டாம். கீழ்மட்டத்துத் தோட்டங்களில் டிக்கெல் ஈப்பிடிப்பான் என்று ஒன்று வருசம் முழுக்க இருக்கும், அதற்கும் செம்மஞ்சள் நெஞ்சுதான். ஆனால் முதுகு நல்ல நீலம், நெஞ்சில் கறுப்புக் கரை இல்லை, வாலில் வெள்ளை இல்லை. பெண் காஷ்மீர்க் குருவியைக் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். மண் நிறத்தில் சாதாரணமாக இருக்கும். அதன் முதுகை வைத்துச் சண்டை பிடிக்காமல், வால் தூக்குகிறதையும் வாலடி வெள்ளையையும் பாருங்க.

இந்த நாட்டுப் பறவைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பேர்போன புத்தகம் ஹென்றி என்பவருடையது, 1955இல் வந்தது. அவர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இன்னொரு பெரிய ஆராய்ச்சியாளர் பிலிப்ஸ், தோட்டத் துரையாக இருந்தவர். அவங்க உழைப்பை நாங்க குறைச்சுச் சொல்லவில்லை. ஆனால் அந்த மலையிலேயே காலை முதல் மாலை வரைக்கும் நின்ற நம்ம பாட்டிமாரும் அம்மாமாரும் கண்டது எங்கேயும் எழுதப்படவில்லை. இந்தப் பறவை எந்த மாதத்தில் வந்தது, எந்த மாதத்தில் காணாமல் போச்சு, முந்தி எத்தனை, இப்போ எத்தனை என்று அவங்களுக்குத் தெரியாததா? பேரும் தேதியும் சேர்த்துக் குறித்து வைக்காததால் அது கணக்கில் வரவில்லை. இலங்கைப் பறவைக் கழகம் 1943இலிருந்தும், கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த களப் பறவையியல் குழு 1976இலிருந்தும் இப்படியான குறிப்புகளைச் சேர்த்து வருகிறாங்க. தோட்டத்துப் பிள்ளை எழுதினாலும் துரை எழுதினாலும் அது குறிப்புத்தான், சரியாக இருந்தால் போதும். சரியாக எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்கு ஹோட்டன் சமவெளிப் பக்கமும் நுவரெலியாவிலும் வழிகாட்டி வேலை தேடவும் அது ஒரு கைமுதல். 'மஞ்சள் குருவி கண்டோம்' என்று சொல்கிற பிள்ளையை யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டாங்க. 'ஓடைக் கல்லில் வாலை மேலும் கீழும் ஆட்டினது, தொண்டையில் கறுப்பு முளைச்சிருக்கு, மார்ச் 20' என்று சொல்கிற பிள்ளையைக் கூப்பிடுவாங்க.

அதற்காகத்தான் பிள்ளைக்காம்பராவில் ஒரு சீ.ஆர். கொப்பி வைச்சிருக்கிறோம். கோடு போட்டுத் தந்திருக்கிறோம்: தேதி, நேரம், இடம், மூக்கு, கால், வால், என்ன செய்துகொண்டிருந்தது. நிறத்துக்கான கட்டத்தை வேணுமென்றே கடைசியில் போட்டிருக்கிறோம். போனில் படம் எடுத்தால் படத்துக்குத் தேதி கேட்போம். பேர் தெரியாவிட்டால் பேர்க் கட்டத்தை வெறுமையாக விடுங்க, நாங்க சேர்ந்து பார்த்து நிரப்பலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் சொல்லுங்க, பிள்ளைகள் எழுதட்டும்.

முதல் பக்கத்துக்கு இப்போதே ஒரு வேலை இருக்கு. பீலியடி வாலாட்டி இந்த வருசம் கடைசியாக எந்த நாள் நின்றது, அப்போ அதன் தொண்டை வெள்ளையா கறுப்பா, இதை ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருத்தர் அடுத்த கூட்டத்துக்குக் குறித்துக்கொண்டு வாங்க. வெளியே தேத்தண்ணி ரெடியாக இருக்கு.